தெரிந்தும் செய்ய முடியாமல் போவது: ஏடிஹெச்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு 11 வயதில் ஏடிஹெச்டி இருப்பது கண்டறியப்பட்டது. அவளுக்காக மருத்துவர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது பாதிக் கேள்விகள் என்னைப் பற்றியே கேட்கப்பட்டவை போலத் தோன்றின. அடுத்த ஆண்டு, என் 42-ஆம் வயதில், எனக்கும் அதுவே என்று தெரியவந்தது. அதன் பிறகு உறவினர்களும் அலுவலக நண்பர்களும் மகளின் வகுப்புத் தோழிகளுடைய பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஏடிஹெச்டி என்பது என்ன? தமிழில் அதற்குப் பெயர் உண்டா?

Attention Deficit Hyperactivity Disorder என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ஏடிஹெச்டி. தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, கவனச்சிதறல் கோளாறு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். இவற்றில் முதல் பெயர் எனக்கு வருத்தம் தருவது. தமிழில் கவனக்குறைவு என்ற சொல்லே ஒரு குற்றச்சாட்டு. விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதுவதும், விபத்துச் செய்தியில் ஓட்டுநர் மீது விழுவதும் அந்தச் சொல்தான். இங்கே நாம் பேசுவது அசட்டையைப் பற்றியன்று. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்திற்கு நிறுத்துவது, தோன்றிய உடனே செய்துவிடாமல் ஒரு கணம் பொறுப்பது, நாளைக்குத் தேவைப்படுவதை இன்றே நினைவில் வைத்து ஏற்பாடு செய்வது ஆகிய வேலைகளைச் செய்கிற மூளையின் நிர்வாகப் பகுதி வேறு விதமாக வளர்ந்திருக்கும் நிலை இது. வீட்டுப்பாடத்தை எழுத வேண்டும் என்பது குழந்தைக்கு நன்றாகத் தெரியும், எழுதவும் தெரியும். அந்த அறிவு ஏழு மணிக்கு மேசை முன்னால் உட்காரும்போது செயலாக மாறுவதில்தான் தடங்கல்.

செல்போனில் மூன்று மணி நேரம் விளையாடுகிறானே, அவனுக்கு எப்படிக் கவனம் இல்லை என்று சொல்வது?

என் தந்தை கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. கவனம் அவனிடம் இருக்கிறது. அதைத் திருப்பும் விசைதான் அவன் கைக்கு அடங்கவில்லை. விளையாட்டு ஒவ்வொரு நொடியும் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது, சரியாகச் செய்தவுடன் பரிசும் கொடுக்கிறது. வரலாற்றுப் பாடத்தின் பலனோ மூன்று மாதம் கழித்துத் தேர்வு முடிவில்தான் வரும். வெகுமதியையும் ஊக்கத்தையும் சார்ந்த டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களின் செயல்பாட்டில் இவர்களுக்கு வேறுபாடு இருக்கிறது. அதனால் தொலைவில் இருக்கும் பலன் இவர்களை இழுப்பதில்லை. அருகில் இருப்பது அளவுக்கு மீறி இழுக்கிறது. பிடித்த வேலையில் மூழ்கிச் சாப்பாட்டையும் மறப்பதும், பிடிக்காத வேலையில் பத்து நிமிடம் நிற்க முடியாததும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

எல்லாக் குழந்தைகளும் துறுதுறுவென்றுதான் இருக்கும். எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நான்கு வயதுக் குழந்தை ஓரிடத்தில் உட்காராதது இயல்பு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேடு இதற்குத் தெளிவான வரம்புகளை வைத்திருக்கிறது. கவனம் சார்ந்த 9 அறிகுறிகளும், மிகையியக்கமும் அவசரமும் சார்ந்த 9 அறிகுறிகளும் அதில் உள்ளன. இரண்டில் ஏதேனும் ஒரு பிரிவிலாவது குழந்தைகளுக்குக் குறைந்தது 6, பதினேழும் அதற்கு மேலும் வயதானவர்களுக்குக் குறைந்தது 5 அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். வயதுக்கு மீறியவையாகவும் வாழ்க்கையைப் பாதிப்பவையாகவும் இருக்க வேண்டும்.

கடைசி வரம்பை நான் அழுத்திச் சொல்வேன். பென்சிலைத் தொலைக்காத குழந்தை இல்லை. ஆனால் வாரம் நான்கு பென்சில், மாதம் இரண்டு தண்ணீர் பாட்டில், எழுதி முடித்த வீட்டுப்பாட நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆசிரியரிடம் கொடுக்க மறந்து அடி வாங்குவது என்று ஒவ்வொரு வாரமும் போனால், அது வேறு கதை.

என் மகள் வாலுத்தனம் செய்வதே இல்லை. அவளுக்கு எப்படி இருக்க முடியும்?

என் மகளும் அப்படித்தான். வகுப்பில் அவள் ஒருநாளும் எழுந்து ஓடியதில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கேள்வி கேட்டால் திடுக்கிட்டு விழிப்பாள். ‘சாதுவான பெண், கொஞ்சம் கனவு காண்கிறாள்’ என்று நான்கு ஆண்டுகள் மதிப்பெண் அட்டையில் எழுதப்பட்டது, நாங்களும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம். மிகையியக்கம் வெளியே தெரியாத வகை இது. வகுப்பைக் கலைக்கும் பையனை ஆசிரியர் கவனித்துவிடுகிறார். வகுப்பில் இருந்தும் இல்லாதவளாக இருக்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் பையன்களுக்கே அதிகமாகக் கண்டறியப்படுவதற்கும், பெரியவர்களிடையே அந்த இடைவெளி வெகுவாகக் குறைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பல பெண்கள் மனப்பதற்றத்திற்காகவோ மனச்சோர்விற்காகவோ ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்ற பின்பே இதை அறிகிறார்கள்.

எதனால் வருகிறது? வளர்ப்பில் தவறா?

இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், மக்களிடையே இதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதம் மரபுக்கூறுகளால் விளக்கப்படுவதாகக் காட்டுகின்றன. உயரத்தைப் போலவே இதுவும் பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. ஒரே ஒரு மரபணு காரணம் அன்று. சிறிய விளைவுள்ள பல மரபணு வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. குறைமாதப் பிறப்பு, குறைந்த பிறப்பு எடை, ஈய நச்சு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2007-இல் வெளியான ஒரு மூளை வருடி (ஸ்கேன்) ஆய்வில், மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியின் தடிமன் உச்சத்தை எட்டுவது இக்குழந்தைகளிடம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தாமதமாவது தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் பொறுமையையும் ஒழுங்கையும் எதிர்பார்க்கும்போது இந்த மூன்று ஆண்டை நினைத்துக்கொள்வது எனக்கு மிகவும் உதவியது.

சர்க்கரை சாப்பிட்டால் குழந்தைகள் கட்டுக்கடங்காமல் போவார்கள் என்பதை, யாருக்குச் சர்க்கரை கொடுக்கப்பட்டது என்று எவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனைகள் உறுதிசெய்யவில்லை. செல்போன் ஏடிஹெச்டியை உண்டாக்குகிறது என்றும் நிறுவப்படவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்து, இருக்கும் சிரமத்தை அது பெரிதாக்கும்.

வளர்ப்பு இதை உண்டாக்குவதில்லை என்றாலும், நாள் முழுவதும் திட்டு வாங்கி வளரும் குழந்தை பதின்ம வயதில் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்பதை வளர்ப்பே தீர்மானிக்கிறது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? மருந்து நிறுவனங்கள் உருவாக்கிய நோய் என்கிறார்களே?

ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலேயே கவனத்தை நிலைநிறுத்த முடியாத நிலையைப் பற்றி எழுதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுத்திறனில் குறைவில்லாமலே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் என்ற ஊக்கமருந்து சில குழந்தைகளின் பள்ளிப் படிப்பை வியக்கத்தக்க அளவு முன்னேற்றியதைப் பதிவுசெய்தார். ஏடிஹெச்டி என்ற பெயர் 1987-இல்தான் வந்தது. நிலை அதற்கு மிகவும் மூத்தது. உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு சொல்கிறது. நம் தாத்தா காலத்தில் இப்பிள்ளைகள் ‘படிப்பு ஏறாதவன்’ என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்டு நின்றார்கள். உடலை அசைத்துக்கொண்டே செய்யும் வேலைகளில் சிலர் நன்றாகவும் வாழ்ந்தார்கள். எட்டு மணி நேரம் பெஞ்சில், பிறகு மூன்று மணி நேரம் டியூஷனில் என்று எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைக்கும் இன்றைய முறையில் அந்தச் சிரமம் மறைய இடமே இல்லை.

பரிசோதனை எப்படி நடக்கும்? ஸ்கேன் எடுப்பார்களா?

இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. குழந்தை மனநல மருத்துவர், வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் பெற்றோரிடம் விரிவாகப் பேசி, ஆசிரியரிடமிருந்தும் கேள்வித்தாளை நிரப்பி வாங்கி, குழந்தையையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பத்து நிமிடத்தில் மருந்து எழுதிக் கொடுத்தால் அது போதிய மதிப்பீடு அன்று.

இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு பலவற்றை விலக்கிப் பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதி. காது மந்தம், பார்வைக் குறை, தைராய்டு கோளாறு, சில நொடிகள் வெறித்துப் பார்க்க வைக்கும் ஒருவகை வலிப்பு, டான்சில் வீங்கி இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுவது, வீட்டில் நடக்கும் சண்டையால் வரும் பதற்றம் ஆகிய எல்லாமே கவனத்தைக் குலைக்கும். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் ஏடிஹெச்டியுடன் சேர்ந்தும் வரலாம்.

பெரியவர்களுக்கும் வருமா?

பெரியவர் ஆன பிறகு புதிதாக வருவதில்லை. சிறு வயதில் இருந்தது அப்போது பெயர் பெறாமல் போயிருக்கும். பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 சதவீதத்தினருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஓடியாடும் துடிப்பு வயதோடு உள்ளே போய்விடுகிறது. வெளியே அமைதியாகத் தெரிபவரின் மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கட்ட வேண்டிய பணம் வங்கியில் இருந்தும் மின்கட்டணத்தைக் கடைசி நாள் தாண்டி அபராதத்தோடு கட்டுவது, பாதியில் நிற்கும் பத்து வேலைகள், ஒருவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசிவிட்டு இரவெல்லாம் வருந்துவது, கடைசி இரவின் பயம் வந்தால் மட்டுமே வேலை ஓடுவது ஆகியவை என் வாழ்க்கையில் இருபது ஆண்டுகள் நடந்தன. சோம்பேறி என்று நானே என்னை முடிவுகட்டி வைத்திருந்தேன்.

மருந்து அவசியமா? பழக்கமாகிவிடாதா?

எல்லோருக்கும் அவசியமில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, அவர்களைக் கையாளும் விதத்தைப் பெற்றோருக்குக் கற்பிக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேல், சிரமம் கடுமையாக இருந்தால் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து பரிந்துரைக்கப்படுகின்றன.

இந்தியாவில் பெரும்பாலும் கொடுக்கப்படுபவை மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்சிடின் ஆகிய இரண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் இங்கே இதற்குக் கிடைப்பதில்லை. மெத்தில்ஃபெனிடேட் ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் வேலை செய்யத் தொடங்கி, சாதாரண மாத்திரையானால் மூன்று நான்கு மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகையானால் பள்ளி நேரம் முழுவதும் நீடிக்கும். அட்டமாக்சிடின் முழுப் பலனைக் காட்டச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

பசி குறைவதும், தூக்கம் தள்ளிப்போவதும், தலைவலியும் வயிற்றுவலியும், மருந்தின் வேகம் இறங்கும் மாலையில் எரிச்சல் வருவதும் மெத்தில்ஃபெனிடேட்டின் வழக்கமான பக்கவிளைவுகள். வளர்ச்சி சற்றுக் குறையக்கூடும் என்பதால் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயது இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டமாக்சிடின் எடுப்பவரிடம் மனநிலை மாற்றமோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் வீட்டில் இட்லியும் முட்டையும் சாப்பிட்ட பின்பே மாத்திரை. பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாடு பாதி திரும்பி வந்தாலும் திட்டுவதில்லை. இரவு எட்டரை மணிக்குப் பசி திரும்பும்போது தோசைக்கல் சூடாக இருக்கும்.

மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும்போது இது போதைக்கு அடிமையாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால் சட்டக் கட்டுப்பாடு கடுமையானது. மெத்தில்ஃபெனிடேட் இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. மாத்திரை தீரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். மறதிக்கான மருந்தை வாங்க மறக்காமலிருக்க நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

1999-இல் முடிவுகள் வெளியான, பெரும்பாலும் அமெரிக்காவில் 579 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதம் கண்காணித்த பெரிய ஆய்வில், கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து முக்கிய அறிகுறிகளைப் பயிற்சியைவிட நன்றாகக் குறைத்தது. பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. அதே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, மூன்றாம் ஆண்டில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு மறைந்திருந்தது. மருந்து எடுக்கும் நாளுக்குத்தான் உதவுகிறது. பழக்கங்களைக் கட்டி எழுப்பும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

மருந்தோடு வீட்டில் என்ன செய்யலாம்?

உதவி, வேலை நடக்கும் இடத்திலும் நேரத்திலும் இருக்க வேண்டும். காலையில் ‘ஒழுங்காக இரு’ என்று சொல்லும் அறிவுரை மதியம் இரண்டு மணிக்கு வகுப்பில் வேலை செய்யாது. சமையலறையிலிருந்து ‘குளித்துவிட்டு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா’ என்று குரல் கொடுத்தால் முதல் வேலையிலேயே பிள்ளை நின்றுவிடும். அருகில் போய், தோளைத் தொட்டு, ஒரு வேலையை மட்டும் சொல்லி, முடிந்ததும் அடுத்ததைச் சொல்வது அதிக நேரம் பிடிப்பதாகத் தோன்றும். உண்மையில் நான்கு முறை கத்துவதைவிடக் குறைவு.

இவர்களுக்கு நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கு இவர்களிடம் அளவே இல்லை. குளியலறைக்கு வெளியே முள் கடிகாரம் மாட்டி, பெரிய முள் ஆறுக்கு வரும்போது வெளியே வர வேண்டும் என்று வைத்தோம். பள்ளிப் பை இரவிலேயே செருப்பு அலமாரியின் மேல் ஏறிவிடும். அதைத் தாண்டாமல் வாசலைக் கடக்க முடியாது. வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, இடையில் மாடிப்படி ஏறி இறங்க விட்டோம். பரிசு மாதக் கடைசியில் சைக்கிளாக இருப்பதைவிட, அன்று இரவே கூடுதலாக ஒரு கதையாக இருப்பது வேலை செய்கிறது. தண்டனை வேண்டியிருந்தால் அதுவும் சிறியதாக, உடனே, கோபமின்றி. இவை எல்லாம் சில வாரங்களில் புதுமை இழந்து சலித்துப்போகும். அப்போது தோற்றோம் என்று எண்ணாமல் மாற்றி அமைக்க வேண்டும்.

பெரியவர்கள்?

அதே விதிதான். மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை ஆகியவற்றை வங்கியில் தானாகக் கழியும்படி வைத்துவிட்டேன். சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி, வேறெங்கும் வைப்பதில்லை. தள்ளிப்போடும் வேலைக்கு யாரையாவது பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். அவர் உதவ வேண்டியதில்லை, தன் வேலையைப் பார்த்தால் போதும். ஏன் என்று எனக்கே விளங்காத அளவுக்கு இது பயன்படுகிறது. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குச் சாலை விபத்து வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பைக் ஓட்டும்போது செல்போன் பையின் அடியில், ஹெல்மெட் தலையில். இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

வல்லாரை, யோகா, மீன் எண்ணெய் மாத்திரை?

யோகாவும் ஓட்டமும் நீச்சலும் மனநிலைக்கும் தூக்கத்திற்கும் நல்லவை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3-இன் பலன் ஆய்வுகளில் மிகச் சிறியது. வல்லாரைத் துவையல் நல்ல உணவு. ஆனால் ஞாபகசக்தி டானிக்குகள் ஏடிஹெச்டியைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவற்றை நம்பி இரண்டு ஆண்டுகளைக் கழிப்பதே இழப்பு.

பள்ளியில் சொல்லலாமா? சலுகை உண்டா?

நாங்கள் சொன்னோம். முன் வரிசையில், சன்னலிலிருந்து தள்ளி ஓர் இருக்கை. நாள்முடிவில் வீட்டுப்பாடக் குறிப்பை ஆசிரியர் ஒரு பார்வை பார்ப்பது. இவை செலவில்லாத உதவிகள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. டிஸ்லெக்சியா போன்ற ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடும்’ ஆட்டிசமும் இருக்கின்றன. அவை சேர்ந்திருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்றவற்றைக் கோர முடியும். ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளை பள்ளியின் நல்ல மனதை நம்பியிருக்க வேண்டியிருப்பது மாற வேண்டிய நிலை என்பது என் உறுதியான எண்ணம்.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

சிலருக்கு அறிகுறிகள் பெரிதும் குறைகின்றன. பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு வடிவில் தொடர்கின்றன. தனக்குப் பொருந்தும் வேலையும் புரிந்துகொள்ளும் துணையும் அமைந்தவர்களிடம் அது இடைஞ்சலாகத் தெரிவது குறைகிறது.

எங்கே போவது?

மத்திய, மாநில அரசுகளின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், குழந்தைகளானால் மாவட்டங்களில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களிலும் கேட்கலாம். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை பெரிய நிலையங்கள். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண்ணான 1926-ஐ அழைக்கலாம்.

முதல் நாள் போகும்போது பழைய மதிப்பெண் அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண்ணைவிட, அதன் கீழே ஆசிரியர்கள் எழுதிய ஒருவரிக் குறிப்புகள் மருத்துவருக்கு அதிகம் பயன்படும். பெரியவர்கள், கிடைத்தால், தங்களுடையதையும் தேடி எடுத்துச் செல்லலாம். என்னுடையது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆறாம் வகுப்பு அட்டையில் ‘திறமை உண்டு, அக்கறை இல்லை’ என்று எழுதியிருந்தது.